முயலுக்குக் குச்சித் தீவனம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர முயல் கொட்டகைகளில் "தீவனம் சரியில்லை" என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை மூட்டைக்குள் இருப்பதில்லை. உப்பு அடைத்த நிப்பிளில் (முயல் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) இருக்கும், கச்சான் (மேல்காற்று) கால வெக்கையில் இருக்கும், வாடை மாதங்களில் சுவரோரம் சாய்த்து வைத்த சாக்கில் இருக்கும். ஆனால் கை முதலில் போவது கம்பெனியை மாற்றத்தான். முயல் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரே நாளில் புதுத் தீவனத்துக்குப் பழகாது. அவசரப்பட்டு மாற்றினால் இல்லாத கழிச்சலும் வந்து சேரும்.

ஆகவே எந்த அறிகுறி என்றாலும் காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். இருக்கும் தீவனத்தை அன்றைக்கே நிறுத்த வேண்டியது இரண்டு இடத்தில்தான்: பூசண வாடை வந்தால், அல்லது புது மூட்டை பிரித்ததும் சாவு விழுந்தால்.

## தட்டு காலையில் அப்படியே நிறைந்திருக்கிறது

### எல்லாக் கூண்டிலும் ஒரே நாளில்

முதலில் தண்ணீர். தண்ணீர் குடிக்காத முயல் குச்சித் தீவனத்தை (பெல்லட்டை) தொடாது. ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சொட்டு ஓட வேண்டும். ராமநாதபுரம் கடலோர போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து நிப்பிளுக்குள் இருக்கும் பந்து ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டலாம். போர் தண்ணீர்தான் என்றால் இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

நிப்பிள் ஓடுகிறது, ஆனாலும் தின்னவில்லை. தண்ணீரை நீங்களே வாயில் வைத்துப் பாருங்கள். நாக்குக்கே உப்புத் தெரிந்தால் முயலுக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 1000-க்குக் கீழே கவலையில்லை. 1000 முதல் 3000 வரை பெரிய முயல் சமாளிக்கும், பழகும்வரை புழுக்கை இளகலாம். 3000-க்கு மேல் கொடுக்காதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர் என்றால் முயலுக்கு மட்டும் தனிக்குடம் பிடித்து வையுங்கள். ஒரு பெரிய முயலுக்குச் சாதாரண நாளில் கால் லிட்டரும் வெயில் நாளில் அரை லிட்டரும் ஆகும். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 1 லிட்டர் வரை போகும். 10 முயலுக்கு 2 குடம் பெரிய செலவில்லை. தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்பதானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம்.

தண்ணீர் சரி, நாள் வெயில் நாள். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் தீனியைக் குறைக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மதியம் தீவனம் போடுவது வீண். நாளுக்கு 120 கிராம் என்றால் 40 கிராமைக் காலை 6 மணிக்கும் மீதி 80 கிராமைப் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். முயல் இயல்பாகவே ராத்தீனிக்காரன். தகரக் கூரைக்கு மேலே பனையோலை வேய்ந்தால் உள்ளே வெக்கை நன்றாகத் தணியும். கடலோரத்தில் ஐஸ் கட்டி சுலபமாகக் கிடைக்கிறதே என்று குடிதண்ணீர்த் தொட்டியில் போடாதீர்கள், மீனுக்கு அடிக்கும் ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துக் கூண்டுக்குள் படுக்கவைத்தால் முயல் தானே அதன்மேல் சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, மூக்கு நனைந்திருக்கிறது என்றால் அது தீவனப் பிரச்சினையே இல்லை, வெக்கைத் தாக்கு. காதை ஈரத்துணியால் துடைத்து நிழலுக்கு மாற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வெயிலும் இல்லை. இப்போது மூட்டைக்கு வாருங்கள். ஒரு கைப்பிடியை மூடிய டப்பாவில் 10 நிமிடம் வைத்துத் திறந்து முகருங்கள். நல்ல குச்சியில் காய்ந்த புல்லும் தவிடும் கலந்த வாசம் வரும். காறிய எண்ணெய் வாடை வந்தால் தவிடு பழசு. மக்கிய வாடை வந்தால் கீழே "புது மூட்டை பிரித்தபின் சாவு" என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு குச்சியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

வாசமும் சரி, ஆனால் மூட்டை புதுசு. கம்பெனி மாறியிருந்தால் முயல் இரண்டு நாள் முறைப்பது உண்டு. அதே கம்பெனி என்றாலும் மூலப்பொருள் மாறியிருக்கலாம். கலந்து பழக்கும் கணக்கு கடைசியில் இருக்கிறது.

### ஒரே ஒரு கூண்டில் மட்டும்

தீவனத்தைக் குறை சொல்ல இடமில்லை. சினை முயலா? குட்டி போடுவதற்கு முந்தின ஒன்றிரண்டு நாள், அதாவது சேர்த்த நாளிலிருந்து 28-ம் நாள் வாக்கில், தீனி குறைவது இயல்பு. சினை இல்லையென்றால் உதட்டை விலக்கி முன்பற்களைப் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரச வேண்டும். கோணலாக வளர்ந்திருந்தால் குச்சியைக் கடிக்க வராது, தாடை எச்சிலால் நனைந்திருக்கும். பல் வெட்டுவதை மருத்துவரிடம் விடுங்கள். நகவெட்டியால் வெட்டினால் பல் நீளவாக்கில் பிளந்துவிடும்.

24 மணி நேரம் தீனியும் எடுக்கவில்லை, புழுக்கையும் விழவில்லை, வயிறு தட்டினால் முரசு மாதிரி இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

## தட்டு காலி, கூண்டுக்கு அடியில் தீவனம்

முன்காலால் வாரி இறைக்கும் முயல் உண்டு. ஆனால் கொட்டகை முழுக்க இறைகிறது என்றால் மூன்றில் ஒன்று.

குச்சியின் அளவு. முயலுக்கு விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர், நீளம் சுமார் 1 சென்டிமீட்டர். மாட்டுத் தீவனக் குச்சியின் தடிமனில் இருந்தால் ஒரு கடி கடித்து மீதியைக் கீழே விடும்.

தூள். 1 கிலோவை ரவை சலிக்கும் சல்லடையில் மெதுவாகச் சலித்துத் தூளை நிறுங்கள். 20, 30 கிராம் என்றால் நல்ல மூட்டை. 50 கிராமைத் தாண்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். தூளை முயல் தின்னாது, மூக்கில் ஏறித் தும்மல் வரும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டையின் அடியில் மட்டும் தூள் என்றால் அது லாரியில் குலுங்கியது. மேலும் கீழும் ஒரே மாதிரித் தூள் என்றால் மில்லில் குச்சி சரியாகப் பிடிக்கவில்லை.

தட்டின் விளிம்பு. உள்பக்கம் மடிந்த விளிம்பும் அடியில் தூள் இறங்கச் சல்லடைத் துளையும் உள்ள தகரத் தட்டு ஒருமுறைச் செலவு. இறையும் தீவனத்தைக் கணக்குப் பார்த்தால் மலிவுதான்.

## புழுக்கை மாறுகிறது

நல்ல புழுக்கை கடலை அளவில், உருண்டையாக, ஒடித்தால் உள்ளே நார் தெரியும்.

சிறுத்து, கல் மாதிரி. தண்ணீர் போதவில்லை அல்லது நார் போதவில்லை. நிப்பிளுக்குத் திரும்புங்கள்.

உருண்டைப் புழுக்கையும் உண்டு, கூடவே திராட்சைக் கொத்து மாதிரிக் கறுப்பாக ஒட்டும் கொத்தும் கிடக்கிறது. இது கழிச்சல் இல்லை. முயல் தானே வாயால் எடுத்துத் தின்ன வேண்டிய மென்புழுக்கை. தின்னாமல் விடுகிறது என்றால் தீவனம் தேவைக்கு மேல் சத்தாக இருக்கிறது. பெரிய முயலுக்குக் குச்சியை 100 கிராமுக்குக் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்டினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் நின்றுவிடும். அருகும் கொழுக்கட்டைப் புல்லும் இந்த மண்ணில் தாராளம். அறுத்து நிழலில் காயவைத்து வாடைக்கு முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். கடலைக்கொடியும் நல்லதுதான், ஆனால் மழையில் நனைந்து கறுத்த கொடி வேண்டாம்.

எல்லாமே இளகி உருவமில்லாமல். கடந்த 10 நாளில் மூட்டை மாறியதா, பசுந்தீவனம் திடீரென்று கூடியதா? முதல் மழைக்குப் பிறகு தளிர்க்கும் புல்லை ஈரத்தோடு வாரிப்போட்டால் வரும் கழிச்சல் ஐப்பசி, கார்த்திகையில் சகஜம். குச்சியைப் பாதியாக்கிப் பசும்புல்லை நிறுத்துங்கள். காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் அளவில்லாமல் இருக்கட்டும். 2 நாளில் திரும்பாவிட்டால் பை மேல் அச்சிட்ட நார்க் கணக்கைப் பாருங்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். நம் ஊர்ப் பைகளில் நாரை "அதிகபட்சம்" என்று போடுவது வழக்கம். மாட்டுக்கு அது சரி. முயலுக்கு வேண்டியது "குறைந்தது 14%". பையில் "அதிகபட்சம் 14" என்றால் உள்ளே 9 இருந்தாலும் சட்டப்படி பொய்யில்லை. அந்தத் தொகுதியின் (ஒரே தடவையில் அரைத்த சரக்கின்) ஆய்வுக் கணக்கைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அடுத்த முறை வேறு மூட்டை.

நீராக, சளியாக, ரத்தம் கலந்து. குட்டிகள் 4 முதல் 12 வாரம் என்றால் ரத்தக் கழிச்சல் நோயைச் சந்தேகியுங்கள். ஈரத் தரையில் பெருகும், வாடைக் காலம் அதற்குத் தோது. புழுக்கையை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்த பிறகு, அவர் சொல்லும் அளவில் மட்டும் மருந்து. கோழிக்கும் ஆட்டுக்கும் வாங்கி வைத்த மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். லின்கோமைசின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வாய்வழியே போனால் முயலின் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நோயைவிட மருந்தே முந்திக்கொள்ளும்.

## புது மூட்டை பிரித்தபின் சாவு

ஒன்றுக்கு மேல் விழுந்தாலே தட்டுகளைக் காலி செய்யுங்கள். எல்லா முயலுக்கும் காய்ந்த புல், தண்ணீர் மட்டும். பிறகு காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

அது முயல் தீவனம்தானா? கிடைக்காத நாளில் கறிக்கோழித் தீவனத்தைப் போட்டுச் சமாளிப்பது ஆபத்து. அதில் கோழியின் ரத்தக் கழிச்சலுக்காகச் சேர்க்கும் சாலினோமைசின், நராசின் போன்றவை முயலுக்கு விஷம். மாட்டுத் தீவனத்தில் யூரியாவும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் இருக்கலாம், அதுவும் ஆகாது. ஒரே மில்லில் கோழித் தீவனம் அரைத்த கையோடு முயலுக்கு அரைத்துத் தரச்சொன்னாலும் அதே ஆபத்துதான். இயந்திரத்தில் முந்தின சரக்கு ஒட்டியிருக்கும்.

பூசணமா? குச்சிகள் கட்டியாக ஒட்டியிருக்கிறதா, வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கிறதா, மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரிகிறதா? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விஷம் இருக்கலாம். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் சரியாகக் காயாவிட்டால் அஃப்ளாடாக்சின் உண்டாகும். கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டிய தீவனம் வேண்டாம். முயல் அதற்கு மிகவும் நோஞ்சான். தீனி குறைந்து, மெலிந்து, கண்ணும் காதின் உள்பக்கமும் மஞ்சள் தட்டிப் பின் சாகும். அந்தத் தீவனத்தை வெயிலில் காயவைத்தால் பூசணம் உதிரும், விஷம் போகாது. கோழிக்கோ வாத்துக்கோ போட்டுத் தீர்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள், வாத்தும் அதற்கு நோஞ்சான்தான். குழி தோண்டிப் புதையுங்கள்.

வீட்டில் ஏதாவது கலந்தீர்களா? புரதம் ஏறட்டும் என்று சங்காயக் (கழிவு மீன்) கருவாட்டை இடித்துக் கலக்கும் பழக்கம் மீனவ ஊர்களில் உண்டு. கோழிக்குப் பொருந்தும். முயலுக்கு உப்பு எகிறும், குடலில் கெட்ட கிருமி பெருகும். குச்சியிலேயே உப்பு அரை சதவீதம் இருக்கும், போர் தண்ணீரின் உப்பு வேறு. இந்த ஊரில் மூன்றாவதாக ஓர் உப்பு வேண்டியதில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் மருத்துவர்தான். செத்த முயலை உறைய வைக்காமல், ஐஸ் சுற்றிச் சில மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். கல்லீரலைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கால்நடை அவசர வண்டிக்கு 1962. தீவனத்தைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து 1 கிலோ அனுப்புங்கள். பையின் தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் உள்ள சீட்டைக் கூடவே வையுங்கள். இதற்காகவே ஒவ்வொரு மூட்டையிலும் அரைக் கிலோவைச் சீட்டோடு தனியே எடுத்துவைப்பது நல்லது. முயல் செத்த பிறகு வெறும் சாக்கு மட்டும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் எதைக் காட்டுவது?

## குட்டி எடை ஏறவில்லை

நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனக் குட்டி ஒரு மாதத்தில் அரைக் கிலோவும் 90 நாளில் 1.8 முதல் 2 கிலோவும் வர வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 23 கிராம். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், தீவனம் போடுமுன், நிறுத்து எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை எப்போதும் ஏமாற்றும்.

கூட்டம் அதிகமா, தட்டில் எல்லாக் குட்டிக்கும் இடம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய குட்டிகள் கொழுத்துச் சின்னவை நோஞ்சானாக இருந்தால் அளவுவாரியாகப் பிரித்தாலே போதும். எல்லாமே நோஞ்சான் என்றால் சொறியும் குடற்புழுவும் பாருங்கள். பிறகு பை. குட்டிக்கும் பால் தரும் தாய்க்கும் புரதம் 16 முதல் 18%, நார் 14 முதல் 16%, கொழுப்பு 2 முதல் 4%, ஈரம் 12-க்குள். புரதம் 20 என்று பெருமையாகப் போட்ட பை முயலுக்குச் சிறப்பில்லை. மூத்திர நெடி ஏறும், கழிச்சல் வரும், காசும் கூடுதல்.

மண் கலப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி டம்ளரில் ஒரு கைப்பிடி குச்சியை ஊறவிட்டுக் கலக்கிச் சாயுங்கள். அடியில் விரலுக்கு நறநறக்கும் மணல் நிறையத் தங்கினால் எடைக்குக் காசு மண்ணுக்குப் போகிறது.

1 கிலோ எடை கூட 3.5 முதல் 4 கிலோ தீவனம் ஆகும். இறைத்தது போக 5 கிலோவைத் தாண்டுகிறது என்றால்தான் கம்பெனியை மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

## தாய் சினை பிடிக்கவில்லை, பால் இல்லை

சினை பிடிக்காத தாயின் முதுகெலும்பைத் தடவுங்கள். எலும்பு கைக்கே தெரியாமல் சதை மூடியிருந்தால் அளவு கூடிவிட்டது. சும்மா இருக்கும் முயலுக்கு 100 முதல் 120 கிராம் குச்சியும் 200, 250 கிராம் பசுந்தீவனமும் போதும். வேலிமசால், அகத்தி, முருங்கை எல்லாம் நல்லவை. சவுண்டல் (சூபாபுல்) தழையை மட்டும் அளவோடு போடுங்கள், அதிகமானால் முடி கொட்டும். வெக்கை மாதங்களில் கிடாவின் விந்தும் கெடும், குளிர்ந்த பிறகும் தேற ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் தீவனத்தை மாற்றிப் பயனில்லை.

பால் இல்லை என்பது பெரும்பாலும் தாய்க்குக் குச்சி போதாததுதான். குட்டி போட்ட நாளிலிருந்து படிப்படியாகக் கூட்டி இரண்டாவது வாரம் 250 கிராம், மூன்றாவது வாரம் குட்டிகளும் கொறிக்கும்போது 350 கிராம் வரை. குட்டியைத் தின்றுவிட்டது என்றால் முதலில் ராத்திரி தண்ணீர் இருந்ததா என்று கேளுங்கள்.

## மூத்திரம், முடி

சிவப்பு மூத்திரம் பெரும்பாலும் தழையின் நிறம். ரத்தமோ என்று பயப்படுமுன் 2 நாள் பாருங்கள். அதன் பிறகும் சிவப்பு, அல்லது முக்கி முக்கிச் சொட்டு சொட்டாக விடுகிறது என்றால் மருத்துவர். சுண்ணாம்பு கரைத்த மாதிரித் திப்பித் திப்பியாக வந்தால் கால்சியம் அதிகம். குட்டி போடாத முயலுக்கு 0.6% வரை போதும், பால் தரும் தாய்க்குத்தான் 0.8-க்கு மேல்.

ஒன்றன் முடியை ஒன்று கடித்தால் நார்க் குறைவு, நெரிசல். காய்ந்த புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். குட்டி போடப்போகும் தாய் தன் நெஞ்சு முடியைப் பிடுங்குவது கூடு கட்ட, அதைத் தடுக்காதீர்கள்.

## மாற்றியே ஆக வேண்டும் என்றால்

120 கிராம் தின்னும் முயலுக்கு முதல் 3 நாள் பழையது 90, புதியது 30. அடுத்த 3 நாள் 60, 60. அடுத்த 3 நாள் 30, 90. பத்தாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் புழுக்கை இளகினால் முந்தின படிக்குத் திரும்புங்கள். பழையது பூசணம் பிடித்துக் கொட்டியாகிவிட்டது என்றால் ஒரு நாள் வெறும் காய்ந்த புல், பிறகு புதியதை 30 கிராமில் தொடங்கி 10 நாளில் முழு அளவுக்கு ஏற்றுங்கள்.

வாங்கும் அளவிலும் கவனம் வேண்டும். 7 பெட்டை, 3 கிடா கொண்ட கொட்டகைக்கு நாளுக்கு 1.2 கிலோ, தாயும் குட்டியும் இருந்தால் கூடும். 25 கிலோ மூட்டை 20 நாள் வரும். வாடைக் காலத்தில் அதற்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். கடற்காற்றின் உப்பு சாக்கில் படிந்து ஈரத்தை இழுக்கும். பலகை மேல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கடல் பார்த்த சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். பிரித்த மூட்டை மூடி இறுகும் தகர டிரம்முக்குப் போகட்டும். டிரம்மில் வெயில் படக்கூடாது, பட்டால் உள்ளே வியர்த்துச் சொட்டும். புது மூட்டையைக் கொட்டுமுன் அடியில் தங்கிய பழைய தூளைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள், பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும்.